வீட்டுக்கு மின்சாரம் வந்தது. அதைக் கையாளும் அறிவு வந்ததா?

"மின்சாரம் தாக்கி இளம் குடும்பஸ்தர் பலி." "மின்னொழுக்கு காரணமாக வீடு தீக்கிரை." வடக்குக் கிழக்கில் தமிழ்ச் செய்தித்தளங்களைப் பார்க்கும் எவருக்கும் இந்தத் தலைப்புகள் பழகிப்போனவை. செய்தி நான்கைந்து வரிகளில் முடிந்துவிடும். இறந்தவரின் வயது, கிராமம், சடலம் வைக்கப்பட்டிருக்கும் வைத்தியசாலை, திடீர் மரண விசாரணை அதிகாரி, மேலதிக விசாரணைகளைப் பொலிஸார் மேற்கொண்டு வருகின்றனர் என்ற கடைசி வரி. அந்த மனிதர் எதைத் தொட்டார், அந்த வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இருந்ததா, புவிக் கம்பி இணைக்கப்பட்டிருந்ததா என்பவற்றைச் செய்தி சொல்வதில்லை. அடுத்த வீட்டுக்காரர் அதே தவறைச் செய்யாமல் இருப்பதற்குத் தேவையான தகவல் எதுவுமே அதில் இருக்காது.

மின்சாரத்தைப் பற்றி நாடு பேசாமல் இல்லை. 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதத்தாலும் 2023 பெப்ரவரியில் 66 வீதத்தாலும் உயர்த்தப்பட்டபோது பேசினோம். 2024 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க மின்சாரச் சட்டம் வந்து, மின்சார சபையை எப்படிப் பிரிப்பது என்ற விவாதம் எழுந்தபோதும் பேசினோம். மன்னாரில் காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்று பேசுகிறோம். இந்த விவாதங்கள் எல்லாம் மின்மானி வரைக்கும் வந்து நின்றுவிடுகின்றன. மின்மானியைத் தாண்டி வீட்டுக்குள் வரும் கம்பிக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி மேடைக்கு வருவதில்லை. அந்தக் கேள்வியை மிகச் சிறிய ஒரு பொருளை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம். அது சுவரில் இருக்கும் பிளக் பேஸ்.

இருளிலிருந்து நேரே மின்சாரத்துக்கு

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு மின்சாரத்தை இழந்தது. ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டு ஒரு தலைமுறை வளர்ந்தது. வன்னியின் பெரும்பகுதிக்கு அந்த இருள் 2009 வரை நீடித்தது. அதன் பின்னரே வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கும், அங்கிருந்து சுன்னாகத்துக்கும் 132 கிலோவோல்ட் உயரழுத்த வழி வந்து சேர்ந்தது.

மீள்குடியேறிய மக்களுக்குப் போர் விட்டுச்சென்ற ஆபத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆட்கள் வந்தார்கள். மிதிவெடி அபாயக் கல்வி பாடசாலைகளிலும் கிராமங்களிலும் நடந்தது. எந்த வடிவத்தில் இருந்தால் தொடக்கூடாது, கண்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும் என்று சிறு பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. அது நல்ல வேலை. உயிர்களைக் காத்த வேலை. அதே ஆண்டுகளில் அதே வீடுகளுக்கு 230 வோல்ட் மின்சாரமும் வந்தது. அதைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க அப்படி யாரும் வீடு வீடாக வரவில்லை. கம்பம் நட்டார்கள், மானி பூட்டினார்கள், போனார்கள்.

வீடுகளின் கதையும் அப்படித்தான். இந்திய வீட்டுத்திட்டத்தின் கீழ் வடக்குக் கிழக்கில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா வழங்கப்பட்டது. பயனாளிகளே கட்டுவிக்கும் திட்டம் அது. சீமெந்தும் மணலும் ஓடும் கூலியும் ஏறிக்கொண்டிருந்த காலத்தில் சுவரையும் கூரையையும் முடிக்கவே பல குடும்பங்கள் கடன்பட்டன. அப்படிக் கட்டப்பட்ட வீட்டில் வயரிங் கடைசியாக வருவதும், கடைசியாக வருவதில் பணம் மிச்சம்பிடிக்கப்படுவதும் இயல்பு. முதலில் இரண்டு மின்குமிழ், ஒரு பிளக் பொயின்ட். பிறகு பிள்ளை வெளிநாட்டிலிருந்து காசு அனுப்ப, ரைஸ் குக்கர், மின் கேத்தல், பிரிட்ஜ், தண்ணீர் மோட்டர். வீட்டில் பொருட்கள் கூடின. சுவருக்குள் இருக்கும் கம்பி மட்டும் இரண்டு மின்குமிழ்க் காலத்துக் கம்பியாகவே இருந்தது.

வலிகாமம் வடக்கில் உயர் பாதுகாப்பு வலயத்திலிருந்து பல வருடங்களின் பின் திரும்பக் கிடைத்த வீடுகளில் வேறு ஒரு சிக்கல். கதவும் யன்னலும் கூரையும் போன சுவர்களுக்குள் பழைய வயர்த் துண்டுகள் இருக்கலாம். மழை இறங்கிய சுவர் அது. எந்தக் கம்பி எங்கே போகிறது என்று சொல்லக்கூடியவர் இன்று உயிரோடு இல்லாமலும் இருக்கலாம்.

ஒரு சட்டமும் அதன் நிழலும்

இலங்கையில் முன்பு 5 அம்பியர், 15 அம்பியர் உருண்டை முள், 13 அம்பியர் சதுர முள் என மூன்று வகை பிளக் பேஸ்கள் புழங்கின. 2016 இல் 13 அம்பியர் சதுர முள் வகையே நாட்டின் ஒரே நியமம் என ஒழுங்குவிதி வந்தது. அதற்கு அடுத்துப் பழைய வகைகளின் உற்பத்தியும் இறக்குமதியும் தடைசெய்யப்பட்டன. ஏற்கனவே வீடுகளில் இருப்பவற்றை மாற்ற நீண்ட அவகாசம் கொடுக்கப்பட்டது. இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு முன்னின்று செய்த இந்த மாற்றம் சரியானது. சதுர முள் பேஸின் துளைகளுக்குள் மூடி இருக்கிறது. குழந்தை கம்பியை நுழைத்தால் எளிதில் போகாது. பிளக்கின் உள்ளேயே ஒரு பியூஸ் இருக்கிறது. புவிக் கம்பிக்குரிய முள் நீளமாக இருப்பதால் அது முதலில் தொடுகிறது.

இந்தச் சரியான சட்டம் எங்கள் வீடுகளில் ஒரு புதிய ஆபத்துக்கும் வழி திறந்திருக்கிறது. பழைய 5 அம்பியர் பேஸ் பழுதாகும்போது கடையில் அதே வகை கிடைக்காது. 13 அம்பியர் பேஸை வாங்கி வந்து அதே இடத்தில் பூட்டிவிடுகிறார்கள். பேஸ் புதியது, பின்னால் இருக்கும் கம்பி பழையது. 5 அம்பியர் பொயின்ட்கள் பல வீடுகளில் மின்குமிழ்களுக்குப் போகும் மெல்லிய கம்பியிலிருந்தே எடுக்கப்பட்டன. ஹாட்வெயார் கடையில் 1/1.13 என்று கேட்டு வாங்கும் வயர் அது. 1 சதுர மில்லிமீற்றர். 13 அம்பியர் பொயின்ட்டுக்கு வழமையாகப் போட வேண்டியது 7/0.67, அது 2.5 சதுர மில்லிமீற்றர்.

கணக்கு எளிது. 5 அம்பியர் என்பது 230 வோல்ட்டில் 1,150 வாட். 13 அம்பியர் என்பது ஏறக்குறைய 3,000 வாட். 2,000 வாட் கேத்தல் ஒன்று கிட்டத்தட்ட 9 அம்பியர் இழுக்கும். பழைய பேஸில் கேத்தலின் முள் நுழையாது. அதுவே ஒரு காவலாக இருந்தது. புதிய பேஸில் அது அழகாகப் பொருந்தும். மின்குமிழ் வழிக்குரிய 6 அம்பியர் பிரேக்கர் சரியாக இருந்தால் அது விழுந்துவிடும். அடிக்கடி விழுகிறதே என்று பிரேக்கரைப் பெரிதாக மாற்றுகிறார்கள். அன்றைக்கு அந்த வீட்டின் கடைசிக் காவலும் போய்விடுகிறது. இனிச் சூடாகப்போவது சுவருக்குள் இருக்கும் கம்பி. மாதக் கணக்கில் கழித்து வரும் தீயைத்தான் செய்தி "மின்னொழுக்கு" என்ற ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறது.

ஏன் நாங்களே செய்கிறோம்?

"தகுதியான மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்" என்பது எல்லா அறிவுறுத்தலிலும் வரும் வசனம். நல்ல வசனம்தான். ஆனால் நகரத்துக்கு வெளியே, ஒரு பேஸ் மாற்றுவதற்காக மட்டும் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வரமாட்டார். வந்தாலும் அவருக்குத் தேசியத் தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. மேசனோடு நின்று பழகியவரே ஊருக்கு மின்னியலாளர். பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்களுக்கு இது இன்னும் சிக்கல். "அது ஆம்பிளையளின்ர வேலை" என்று சொல்லி வளர்க்கப்பட்ட ஒரு பெண், கருகிய பேஸைப் பார்த்தபடி யாராவது வரும்வரை காத்திருக்கிறார். காத்திருக்கும் நாட்களிலும் அதே பேஸில்தான் சோறு அவிகிறது.

ஆகவே மக்கள் தாங்களே செய்கிறார்கள்; செய்யப்போகிறார்கள். தொடாதே என்று மட்டும் சொல்வதால் எவரும் தொடாமல் விடப்போவதில்லை. எதைச் செய்யலாம், எப்படிச் செய்யலாம், எந்த இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்வதுதான் உயிரைக் காக்கும்.

செய்வதென்றால் எப்படி?

முதலில் பேஸ் சொல்லும் அறிகுறிகளைக் கவனியுங்கள். பிளக் தளர்வாக ஆடுகிறது, துளையைச் சுற்றி மண்ணிற அடையாளம், எரிந்த மணம், சட சட என்ற சத்தம், கழற்றும்போது முள் சுடுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பேஸைப் பாவிப்பதை அன்றே நிறுத்துங்கள். உள்ளே தொடுகை தளர்ந்தால் அந்த இடம் சூடாகும்; சூடானால் இன்னும் தளரும். ட்ரிப் சுவிட்ச் இந்தச் சூட்டை உணராது. மின்சாரம் வெளியே ஒழுகினால் மட்டுமே அது விழும்.

இரண்டாவது, என்ன பிரேக்கர், என்ன கம்பி என்று பாருங்கள். முன்பிருந்ததும் 13 அம்பியர், வாங்குவதும் 13 அம்பியர் என்றால் மாற்றலாம். முன்பிருந்தது 5 அம்பியர் என்றால் அது வெறும் பேஸ் மாற்றும் வேலை இல்லை. புதுக் கம்பி இழுக்கும் வேலை. அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். வாங்கும் பேஸில் எஸ்.எல்.எஸ். முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, மின்சாரத்தை நிறுத்துங்கள். பேஸில் இருக்கும் சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது. மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லுங்கள். யாரும் தெரியாமல் மெயினைப் போட்டுவிடாதபடி ஒருவரை அங்கே நிற்கச் சொல்லுங்கள். சூரியப்படலம், இன்வேட்டர், ஜெனரேற்றர் இருந்தால் அவற்றிலிருந்தும் மின் வரலாம், அவற்றையும் துண்டியுங்கள்.

நான்காவது, நிறுத்தியதை நம்பாமல் சோதியுங்கள். மெயினை நிறுத்த முன்னரே டெஸ்டரை மின் உள்ள ஓர் இடத்தில் வைத்து அது ஒளிர்கிறதா என்று பாருங்கள். நிறுத்திய பின் மாற்றப்போகும் பேஸில் எல்லாத் துளைகளிலும், கழற்றிய பின் எல்லாக் கம்பிகளிலும் வைத்துப் பாருங்கள். பழுதான டெஸ்டர் ஒளிராவிட்டால், கரண்ட் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஒளிர்ந்தால் வேலையை அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஐந்தாவது, இரண்டு ஸ்குரூவையும் கழற்றிப் பேஸை மெதுவாக முன்னே இழுங்கள். எதையும் கழற்ற முன் கைத்தொலைபேசியில் ஒரு படம் எடுங்கள். பின்புறத்தில் எல், என், ஈ என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். எல் என்பது உயிர்க் கம்பி. என் என்பது நொதுமல் கம்பி. ஈ என்பது புவிக் கம்பி. பாடசாலை விஞ்ஞானத்தில் படித்த அதே சொற்கள்; வயரிங் செய்பவர்கள் லைவ், நியூட்ரல், எர்த் என்பார்கள். பழைய வயரில் உயிர்க் கம்பி சிவப்பு, நொதுமல் கறுப்பு, புவி பச்சை. புதியதில் மண்ணிறம், நீலம், பச்சையும் மஞ்சளும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கையில் கிடைத்த வயரைப் போட்ட வீடுகள் எங்கள் ஊர்களில் இருக்கின்றன. பழைய பேஸில் எது எங்கே இருந்தது என்ற படமும் நிறமும் ஒத்துப்போகாவிட்டால் நிறுத்துங்கள்.

ஆறாவது, கம்பியின் நுனியைப் பாருங்கள். செம்பு பளபளப்பாக இருக்க வேண்டும். நுனி மட்டும் கறுத்திருந்தால் அதை வெட்டிவிட்டு, ஏறத்தாழ 10 மில்லிமீற்றருக்குப் பிளாஸ்டிக் உறையை நீக்குங்கள். ஒவ்வொன்றையும் அதற்குரிய எழுத்தில் நுழைத்து ஸ்குரூவை இறுக்குங்கள். உறை உள்ளே நசியக்கூடாது; செம்பு வெளியே தெரியவும் கூடாது. ஒரே துளையில் இரண்டு கம்பிகள் இருந்திருந்தால் இரண்டும் திரும்பப் போக வேண்டும். ஒன்று விடுபட்டால் அடுத்த அறையின் பொயின்ட் இறந்துவிடும், அல்லது அதன் புவித் தொடர்பு போய்விடும். ஒவ்வொரு கம்பியையும் இழுத்துப் பாருங்கள். அசைந்தால் மீண்டும் இறுக்குங்கள். இந்த ஒரு செயலைச் சோம்பலில் விடுவதால்தான் பல பேஸ்கள் மீண்டும் கருகுகின்றன. சுவருக்குள் இருப்பது இரும்புப் பெட்டி என்றால் அதற்கும் புவித் தொடர்பு வேண்டும்.

கடைசியாக, கம்பிகளை நசுக்காமல் மடித்து உள்ளே விட்டு மூடுங்கள். முன்னிருந்து பார்த்தால் புவித் துளை மேலே, உயிர் வலது பக்கம், நொதுமல் இடது பக்கம் வர வேண்டும். மெயினைப் போட்டதும் ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். அது உடனே விழ வேண்டும். பிறகு கேத்தலை உடனே பூட்டாமல் ஒரு மேசை விளக்கைப் பூட்டிப் பாருங்கள். மெயின் விழுந்தால் மீண்டும் மீண்டும் தூக்கிவிட வேண்டாம்.

கையை எடுத்துவிட வேண்டிய இடங்கள்

சுவர் ஈரமாக இருந்தால் தொடாதீர்கள். உள்ளே புவிக் கம்பியே இல்லை என்றால் புதிய பேஸைப் பூட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். மூன்று துளை இருப்பதால் பாதுகாப்பு வந்துவிடாது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் இல்லை என்றால், வெட்டிய பின்னும் கம்பி கறுப்பாகவே இருந்தால், உறை நொறுங்கி உதிர்ந்தால், குளியலறை, கிணற்றடி, தண்ணீர் மோட்டர் என்றால், தெரிந்தவரைத்தான் கூப்பிட வேண்டும். மின்மானியும் அதற்கு முன்னால் உள்ள பியூஸும் மின்சாரம் வழங்கும் நிறுவனத்துக்குரியவை. அவற்றில் கை வைக்கவே கூடாது. அங்கே பழுதென்றால் 1987 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

இரண்டு முள் பிளக்கை நுழைப்பதற்காகப் பேனை மூடியாலோ ஸ்குரூ ட்ரைவராலோ மேல் துளையைக் குத்தும் பழக்கம் எங்கள் எல்லா வீடுகளிலும் இருக்கிறது. குழந்தைக்காக வைத்த மூடியை நாங்களே திறந்து, குழந்தைக்கு எப்படித் திறப்பது என்றும் காட்டிக்கொடுக்கிறோம். பிளக்கை மாற்றுவதற்கு ஆகும் செலவு பெரிதில்லை.

யாரையாவது மின்சாரம் தாக்கிப் பிடித்திருந்தால் ஓடிப்போய் அவரைத் தொடாதீர்கள். மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால் காய்ந்த தடியால் விலக்குங்கள். பிறகு 1990 அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். எழுந்து நடந்தாலும் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். இதயத்துக்கு வந்த பாதிப்பு வெளியே தெரியாது.

யார் செய்ய வேண்டும்?

இவ்வளவையும் ஒரு கட்டுரையில் படித்துத்தான் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை இருக்கக்கூடாது. புதிய இணைப்புக் கேட்கும்போது வயரிங்கைச் சோதித்த அறிக்கை கேட்கப்படுகிறது. அதன் பின் எத்தனை ஆண்டுகள் கழிந்தாலும் அந்த வீட்டுக்குள் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாதந்தோறும் மானி வாசிப்பவர் வீட்டுப் படலைக்கு வருகிறார். அவர் வரும்போது தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் கொடுக்கப் பெரிய செலவில்லை.

போருக்குப் பின் கட்டிக்கொடுக்கப்பட்ட வீடுகளில் ட்ரிப் சுவிட்சும் புவித் தொடர்பும் வேலை செய்கின்றனவா என்று பிரதேச செயலகங்கள் ஒரு கணக்கெடுப்பு நடத்தலாம். வறட்சிக் காலத்தில் நிலம் காய்ந்தால் புவித் தொடர்பின் வலு குறையும் என்பதால் எங்கள் வரண்ட பகுதிகளுக்கு அந்தச் சோதனை இன்னும் அவசியம். கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் இருக்கிறது. மாவட்டம் தோறும் தொழிற்பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. அங்கே பயிலும் பிள்ளைகள் மாதர் சங்கங்களுக்கு வந்து ஒரு நாள் செயன்முறை வகுப்பு எடுத்தால், ஒரு கிராமத்தில் பத்துப் பெண்களாவது டெஸ்டரைப் பிடிக்கப் பழகுவார்கள். தகைமை பெற்ற மின்னியலாளர்களின் பெயர்ப்பட்டியல் கிராம அலுவலர் அலுவலகத்தில் தொங்கினால், யாரைக் கூப்பிடுவது என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும். இவை எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை.

முப்பது வருடம் எங்களுக்குப் போர் கற்றுக்கொடுத்த ஒரு பாடம் உண்டு. ஆபத்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்கள் அதைச் சுற்றி நடந்து உயிர் தப்பினார்கள். பதுங்குகுழி வெட்டத் தெரிந்த சனத்துக்குப் பேஸ் மாற்றுவது பெரிய வித்தையில்லை; யாராவது ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுவரை ஒவ்வொரு வீட்டிலும் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. மெயின் சுவிட்சுக்கு அருகில் இருக்கும் ட்ரிப் சுவிட்சில் ஒரு சிறிய சோதனைப் பொத்தான் இருக்கும். கரண்ட் இருக்கும்போது அதை அழுத்துங்கள். விழுந்தால் நல்லது, தூக்கிவிட்டு, மாதம் ஒரு முறை இப்படிச் செய்து பாருங்கள். விழாவிட்டால் அந்த வீட்டுக்குக் காவல் இல்லை என்று அர்த்தம். நாளைக்கே ஒருவரைக் கூப்பிட்டு அதை மாற்றுங்கள்.